பத்தடி ஈரம்

மத்தியானம் இரண்டு மணிக்கு மிருதுளா வீட்டுப் பின்புறத்தில் குந்தி உட்கார்ந்து, காலி எண்ணெய் டின்னின் அடியைச் சுற்றி ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் லேக் கார்டன்ஸின் அந்தப் பழைய வீடு டங் டங்கென்று அதிர்ந்தது. மேலே யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள். கல்யாணமாகி ஈரோட்டிலிருந்து கல்கத்தா வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆதர்ஷ் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவான். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அதற்கு மேல் அவளுக்கு வங்காளி தெரியாது. இன்றைக்கு ஞாயிறு, அந்த வீட்டு ஜனமெல்லாம் அவள் சமையலைச் சாப்பிட வருகிறது. காலையிலிருந்து அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மூடி போட்ட கிரில் அடுப்பை ஆன்லைனில் வாங்கியது ஆதர்ஷ். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கப் போனது அவள். மஹாதேவன் ரிட்டயரான பேங்க் ஆபீசர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம்.

"பின்னாடி நெருப்பா? ஒரு மாசமா பொட்டு மழை கெடையாது. எலையெல்லாம் அப்பளமா கெடக்கு. சுவத்துக்கு அந்தண்டை பந்தல் போடற டெக்கரேட்டரோட மூங்கில் அடுக்கு இருக்கறது தெரியுமோல்லியோ? ஒரு பொறி போறும்மா."

"நான் பெருந்துறைல ஸ்பின்னிங் மில்லுல மூணு வருசம் சேஃப்டி ஆபீசரா இருந்தனுங்க சார். பஞ்சுக்கு நடுவுல தீ வராம பாத்துக்கறதுதானுங்க என் வேலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி சுப்புலக்ஷ்மியின் குரல் வந்தது. "சரின்னு சொல்லுங்கோளேன். எனக்கு சுட்ட சோளம்னா உசிரு. ஆனா கோழிய வெக்கறதுக்கு முன்னாடி எனக்கு எடுத்துடணும், என்னம்மா?"

"சரி. ஏதாவது ஏடாகூடமாச்சோ, நீங்க வேற ஜாகை பாத்துக்க வேண்டியதுதான்" என்றார் மஹாதேவன். சிரிக்காமல்தான் சொன்னார்.

எனவே மிருதுளா எதையும் விட்டுவைக்கவில்லை. சுவரிலிருந்து தள்ளி நடு இடத்தில் அடுப்பை வைத்தாள். அதைச் சுற்றி நாலு பக்கமும் பத்தடிக்கு இலை, சுள்ளி, காகிதம் ஒன்று விடாமல் பெருக்கி மூட்டையாகக் கட்டி வாசலுக்குக் கொண்டுபோனாள். பிறகு மண் கறுத்துப்போகும்வரை தண்ணீர் தெளித்தாள். நாலு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த கோணிச்சாக்கு. துணி காயப்போடும் கம்பியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். அது வடக்கே மெல்ல ஆடியது. தெற்கத்திக் காற்று, மூங்கிலுக்கு எதிர்ப்பக்கமாக அடிக்கிறது. நல்லது.

கரியாஹாட் சந்தையில் வாங்கிய கரி மூட்டையை ஆதர்ஷ் தூக்கி வந்தான். "இந்த டின்னெல்லாம் எதுக்கு மிரு? பைக்குல இருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊத்துனா ரெண்டே நிமிசம்."

"ஊத்துங்க. பத்திக்கறது கரியில்ல, நீங்கதான்."

டின்னைச் செங்கல்மேல் நிறுத்தி, அடியில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, மேலே கரியை நிரப்பி, ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தாள். ஓட்டைகள் காற்றை உறிஞ்சின. முதலில் வெள்ளைப் புகை, பிறகு புகை குறைந்து டின்னுக்குள் ஒரு மெல்லிய உறுமல். ஐந்து மணிக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டாம் மாடி சுப்ரியா-தி (அக்காவுக்கு இங்கே 'தி'), பள்ளிக்கூட டீச்சர், டின்னைச் சுற்றிச் சுற்றி வந்து வங்காளியில் என்னென்னவோ கேட்டாள். சுப்புலக்ஷ்மி மாமி மொழிபெயர்த்தாள். "எண்ணெயே ஊத்தாம எப்படிப் பிடிக்கறதுன்னு கேக்கறா." மிருதுளா கையாலும் கண்ணாலும் தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையாலும் விளக்கினாள். கரி சாம்பல் பூத்து வெளுத்ததும் டின்னைக் கிடுக்கியால் பிடித்து அடுப்பில் கவிழ்த்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு முகம் சூடேறியது. நெருப்பால் அல்ல.

சோளம் வெடித்து மணந்தது. மாமி இரண்டு கதிர் சாப்பிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினாள். மஹாதேவன் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், அடுப்பையே பார்த்தபடி இருந்தார். கோழி வேகும்போது சேர்ப்பதற்காக மிருதுளா டின்னில் இரண்டாவது தடவை கரியைப் பற்றவைத்தாள். துண்டங்கள் கம்பிமேல் ஏறின. கொழுப்பு சொட்டிச் சுருசுருத்தது.

அப்போதுதான் நூல் அசையாமல் தொங்குவதைப் பார்த்தாள்.

வடமேற்கே கட்டடங்களுக்குப் பின்னால் வானம் ஈயம் பூசினாற்போல் இருண்டிருந்தது. பறவைச் சத்தம் நின்றிருந்தது. சுப்ரியா-தி முகத்தை உயர்த்தி, "கால்போய்ஷாகி!" என்று குழந்தைபோலக் கத்தினாள். வருஷத்தின் முதல் கோடைப் புயல். நூல் ஒருமுறை துடித்தது, பிறகு முழுதாகத் திரும்பி மூங்கில் அடுக்கைக் காட்டியது.

"மூடிடலாமுங்க" என்றாள் மிருதுளா.

"அஞ்சு நிமிசம் மிரு. கோழிய இப்பத்தான வெச்சோம். அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க."

ஐந்து நிமிஷம். மில்லில் சூப்பர்வைசர்கள் அவளிடம் தினமும் கேட்ட சலுகை. அவள் திரும்பி அந்த முகங்களைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்காக வந்த முகங்கள். தட்டோடு காத்திருந்தார்கள். அவள் மூடியை எடுத்து அடுப்பின்மேல் கவிழ்த்தாள். மேலும் கீழுமிருந்த காற்றுத் துளைகளை அடைத்தாள். பாதி வெந்த கோழி உள்ளேயே கிடந்தது.

மணல் வாளியோடு டின்னை நோக்கி ஓடினாள். காற்று அவளுக்கு ஓர் அடி முந்தியது. டின்னின் வாயிலிருந்து ஒரு கைப்பிடிப் பொறி எழும்பி, ஈரத்தரையைத் தாண்டி, மஹாதேவனின் தலைக்கு மேலாகப் பறந்து சுவருக்கு அந்தப்பக்கம் விழுந்தது.

"ஷொரே ஜான்!" விலகச் சொல்லி பஸ்ஸில் கண்டக்டர் கத்திக் கேட்ட வார்த்தை. தன் வாயிலிருந்து அது வந்தது அவளுக்கே தெரியவில்லை. எல்லோரும் விலகினார்கள். மணலை டின்னுக்குள் கொட்டி நெருப்பை அமுக்கிவிட்டு, துவைக்கிற கல்லின்மேல் ஏறிச் சுவரில் தாவினாள். கீழே மூங்கில் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி, முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சருகு. அதில் காசளவு ஒரு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கையகலம் ஆயிற்று.

"ஜோல்! ஜோல்!"

சுப்ரியா-தி தண்ணீர் வாளியைத் தூக்கினாள். ஆதர்ஷ் வாங்கி மேலே கொடுத்தான். காலியான வாளிகளைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடியது மஹாதேவன். எழுபது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முதல் வாளியில் தீ சீறியது. மூன்றாவதில் ஆவி எழுந்து அவள் கண்ணை மறைத்தது. ஏழாவது வரைக்கும் கொட்டினாள். பிறகு சாக்கோடு அந்தப்பக்கம் குதித்து, சருகை ஒரு கழியால் அடிவரை கிளறி, ஈரச்சாக்கால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கூடவே, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், மார்புக்குள் ஒரு கும்மாளம். கை வேலையை மறக்கவில்லை.

சுவருக்கு மேலே மஹாதேவனின் தலை தெரிந்தது. மூச்சு வாங்கியது அவருக்கு.

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சிருச்சுங்க சார். இன்னொருக்கா கிளறிப் பாத்தர்றனுங்க."

"பாரு. நன்னா பாரு." பிறகு, "ஏம்மா, அந்த மூடிய யோசிக்காம போட்டியே, இப்படி ஆகும்னு அப்பவே தெரிஞ்சுதா உனக்கு?"

"யோசிச்சனுங்க சார்."

அவர் ஆவி படிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஜாகை என்ற பேச்சை எடுக்கவில்லை.

எங்கோ தகரக் கூரையில் கல் எறிந்தாற்போல ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு தெரு முழுக்கக் கடகடவென்று கொட்டத் தொடங்கியது. சுவருக்கு அப்பால் மாமியும் சுப்ரியா-தியும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். ஆதர்ஷ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மஹாதேவன் நனைந்த தலையோடு சுவரின்மேல் கவிழ்ந்து, ஏறி வா என்பதுபோல் கையைக் கீழே நீட்டினார். அதைப் பற்ற அவள் கரி அப்பிய கையை விரித்தாள். அதற்குள் கோலிக்குண்டு அளவில் ஓர் ஆலங்கட்டி வந்து அதில் விழுந்தது. அந்தக் கறுப்பின் நடுவே அது உடனே கரையவில்லை. இருவரும் அதையே பார்த்தபடி நின்றார்கள்.