வெட்டாமல் விட்ட குதிரை

லிஃப்ட் மெக்கானிக்குக் கால் ஒடிந்தது வேலையில் அல்ல. எத்தனையோ மாடிக் கட்டடங்களின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்றபோதெல்லாம் ஒன்றும் ஆகாத மனிதர், சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தார். காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் ஓய்வு.

“ஊர் லிஃப்டெல்லாம் சரி பண்றீங்க, நம்ம வீட்டுச் சோப்பு உங்களைக் கவுத்துடுச்சு பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. மேசைமேல் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த வருடம் செஸ் கிளப்பில் ஆடித் தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். கிளப்பில் ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். அந்தத் தாள்களைப் பார்த்து அடித்தால், எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும். ஓரத்தில் ஒரு பட்டை, நமக்கு நல்லதென்றால் ஏறும், கெட்டதென்றால் இறங்கும். மகா மோசமான நகர்த்தலுக்கு இரண்டு கேள்விக்குறி.

இது அவருக்குத் தொழில்மாதிரியே இருந்தது. லிஃப்ட் எந்த மாடியில் நின்றது என்று அவர் கேட்கமாட்டார். அதற்கு முன்னால் எப்போது சத்தம் மாறியது என்றுதான் கேட்பார்.

ஒரே ஒரு தாளை மட்டும் அவர் இதுவரை தொட்டதில்லை. மச்சானோடு ஆடிய இறுதி ஆட்டம்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பேக்கரி வைத்திருப்பவர். கிளப்பில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பன்னு’. உருவமும் அப்படி, ஆட்டமும் அப்படி, யார் வேண்டுமானாலும் பிய்த்துத் தின்னலாம். அப்பேர்ப்பட்டவர் அந்த வருடம் எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே சொந்தத் தங்கை புருஷன்.

ஆட்டத்தின் நடுவில் மச்சான் எழுந்து பாத்ரூம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த நிமிடம், மெக்கானிக்கின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். குதிரையை ராஜாவே வெட்டலாம், தடுக்க ஆளில்லை. மெக்கானிக் வெட்டவில்லை. பாத்ரூம் போய் வந்த கையோடு யாராவது சும்மா குதிரையைத் தூக்கிக் கொடுப்பார்களா? உள்ளே ஏதோ இருக்கிறது என்று ராஜாவை மூலைக்கு நகர்த்தினார். ராணி வந்தது. யானை வந்தது. மெக்கானிக்கின் கதை முடிந்தது.

மெக்கானிக் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “பாத்ரூம்ல யார் மச்சான் சொல்லிக் குடுத்தது?”

ஆடுகிறவர்கள் செல்போனை வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கிளப் செயலாளர் தயங்கித் தயங்கி மச்சானின் பையைப் பார்க்கச் சொன்னார். செல்போன் இருந்தது. ஆஃப் ஆகி, திரையெல்லாம் மைதா மாவாக இருந்தது. ஆனாலும் செல்போன் செல்போன்தானே? வெற்றி மெக்கானிக்குக்கு. மச்சானின் பெயர் கிளப்பிலிருந்து நீக்கம். மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் காய்களை அடுக்கி வைத்துவிட்டுப் படியிறங்கினார். அன்றிலிருந்து தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மெக்கானிக் வாங்கி வந்த கோப்பையில் மனைவி துணிக் கிளிப்புகளைப் போட்டுக் கொடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

“கால் ஒடிஞ்சு கெடக்கறீங்க. எங்கண்ணன் எட்டிக்கூடப் பாக்கல. யாரால?” என்று இப்போதும் கேட்டாள்.

“அவரு ஏமாத்தினதுக்கு நான் என்ன பண்ண?”

“அந்த மனுஷனுக்குச் செல்போன்ல போட்டோ எடுக்கவே தெரியாது. இதுல செஸ் பாத்துட்டாராமா?”

மெக்கானிக் வீம்புக்குத்தான் அந்தத் தாளை எடுத்தார். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்த நகர்த்தலைக் கம்ப்யூட்டரே பாராட்டட்டும், இவள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். குதிரை சிப்பாயை வெட்டும் இடம் வந்தது.

பட்டை துள்ளி மேலே ஏறியது. மெக்கானிக்கின் பக்கம்.

மச்சானின் குதிரைக்கு இரண்டு கேள்விக்குறி.

அவர் மறுபடி அடித்துப் பார்த்தார். அதே இரண்டு கேள்விக்குறி. குதிரையை வெட்டியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. உள்ளே எந்தச் சூட்சுமமும் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லித் தராத, பன்னு மட்டுமே ஆடக்கூடிய அசட்டு நகர்த்தல். அடுத்த வரியில், ராஜாவை மூலைக்கு நகர்த்திய தன் புத்திசாலித்தனத்துக்கும் இரண்டு கேள்விக்குறி.

சத்தம் எங்கே மாறியது என்று அவருக்கு இப்போது தெரிந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அல்ல. மச்சான் பாத்ரூமுக்கு எழுந்தபோதே இவர் மனசுக்குள் திருடன் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தச் சந்தேகத்தால்தான் குதிரையை வெட்டவில்லை. அதனால்தான் தோற்றார்.

“ஆட்டோ கூப்பிடு,” என்றார் மனைவியிடம்.

மச்சான் பேக்கரியில் சூடான தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலோடு வந்தவரைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே மூடிக்கொண்டது.

“என்ன மாப்ள, சோப்புல வழுக்குனீங்களாமே. உக்காருங்க.”

“மச்சான், நம்ம ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். நீங்க ஏமாத்தல. அந்தக் குதிரை தப்பு. படு தப்பு. கம்ப்யூட்டர் அப்படி ஆடவே ஆடாது. நான் வெட்டியிருந்தா நீங்க தோத்திருப்பீங்க.” நல்ல செய்தி கொண்டு வந்தவர்போல மூச்சு வாங்கினார்.

மச்சான் கையுறையைக் கழற்றினார். “அன்னைக்கு எதுக்குப் பாத்ரூம் போனேன் தெரியுமா? வாந்தி. பயத்துல. பைனல்னா சும்மாவா? பேக்கரியில இருந்து நேரா ஓடி வந்தேன், செல்போனைக் கூடையில போடணும்னே ஞாபகமில்ல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“நீங்க கேட்டீங்களா?” மச்சான் ஒரு தட்டை நேராக வைத்தார். “சரி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் குதிரை நல்ல நகர்த்தலா இருந்திருந்தா?”

மெக்கானிக் ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தார்.

“அப்போ நான் திருடன்தான். இல்ல? நான் முட்டாள்னு தெரிஞ்சதாலதான் இன்னைக்கு யோக்கியன்.”

“ஐயோ, அப்படியில்ல மச்சான்...”

“விடுங்க. யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு ஆட்டம் நான் யோசிச்சு ஜெயிச்சதுன்னு நெனச்சுட்டிருந்தேன். அடுப்பு முன்னாடி நிக்கும்போது அந்தக் குதிரையை நெனச்சுப்பேன். என்னமா வெட்டினோம்னு.” லேசாகச் சிரித்தார். “அதையும் வந்து எடுத்துட்டீங்களே மாப்ள.”

தங்கைக்குப் பிடித்த பிஸ்கட்டைக் காகிதப் பையில் போட்டு மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். பிறகு அடுத்த தட்டை இழுக்கத் திரும்பிவிட்டார்.

கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கிளப்புக்குப் போனார். சலவைக் கடைக்கு மேலே அதே அறை. எல்லோருக்கும் முன்னால் குற்றம் சொன்னதால் எல்லோருக்கும் முன்னால் நின்று, தன் மேல்தான் தப்பு என்றார். அந்தக் கோப்பையையும் துணிக் கிளிப் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். இரண்டொருவர் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் மச்சானின் பெயரை மறுபடி சேர்த்து, அங்கேயே போன் போட்டுச் சொன்னார். “பாக்கறேன்னார்,” என்றார் வைத்துவிட்டு.

அடுத்த ஞாயிறு புதிய போட்டி. முதல் சுற்றில் மெக்கானிக்குக்கு எதிரே மச்சான் பெயர்.

வெள்ளைக் காய் மெக்கானிக்குக்கு. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி, தாளில் எழுதி, கடிகாரத்தை அழுத்தினார். எதிரே காலி நாற்காலி. மச்சானின் நேரம் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்குள் வராவிட்டால் ஆட்டம் இவருக்கு, அது விதி. கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார்.

செயலாளர் வந்து தோளைத் தொட்டார். “நேரம் முடிஞ்சுதுங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க. கையெழுத்துப் போடுங்க.”

“இன்னும் கொஞ்சம் பாக்கலாமே.”

“விதிப்படி முடிஞ்சு போச்சுங்களே.”

“தெரியும்,” என்றார் மெக்கானிக். “கொஞ்சம் பாக்கலாம்.”