பாத்ரூம் வாசல் டைல்ஸ்

"அம்மாகிட்ட போனைக் குடுங்க" என்று மனைவி கேட்டபோது, மாப்பிள்ளை கூடத்து முனையில் இடுப்பில் கைவைத்து நின்றபடி தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தான். நடைவழியின் அந்தக் கோடியில் பாத்ரூம் கதவு. அதன் வாசலில் தொடங்கி இவன் கால் வரைக்கும் புத்தம் புது டைல்ஸ், கோடு பிசகாமல் பளபளத்தது. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை, எல்லாம் ஒற்றை ஆள் வேலை.

"எந்த அம்மா?" என்றான்.

"என்னைப் பெத்த அம்மாதான். வேற எந்த அம்மா?"

"அத்தை உன்கூடத்தானே சித்தி வீட்டுக்கு வந்தாங்க?"

"நல்லா இருக்கே! தெருமுனை வரைக்கும் வந்துட்டு, தலை சுத்துதுன்னு திரும்பிட்டாங்க. நீங்க அப்போ பசை வாங்கக் கடைக்குப் போயிருந்தீங்க. குளிச்சுட்டுப் படுத்துக்கறேன்னாங்க. ஏன், ரூம்ல இல்லையா?"

ரூமில் இல்லை. மாமியாரின் படுக்கை சுருக்கமே இல்லாமல் விரித்தது விரித்தபடி கிடந்தது. கொடியில் அவளுடைய துண்டு இல்லை. அவன் திரும்பி நடைவழிக் கோடியைப் பார்த்தான். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. காலையிலிருந்து அது சாத்தியேதான் இருந்தது.

அதுவரை புது டைல்ஸ் மேல் பூனை நடந்தால்கூடக் கத்துகிற மனிதன், செருப்புக் காலோடு அதன் மேலேயே ஓடினான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கதவு ஒரு நூல் அளவு அசைந்து நின்றுவிட்டது. அடிப்பக்கத்தில் எதுவோ முட்டியது. குனிந்து பார்த்தான். முட்டியது அவன் பதித்த டைல்ஸ்தான்.

இந்த வீட்டு பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. பழைய தரைக்கு மேலே பசை, பசைக்கு மேலே டைல்ஸ் என்று விரற்கடை உயரம் கூடிவிட்டது. வெளியே வரவேண்டிய கதவின் அடி விளிம்பு அந்த மேட்டில் முட்டி நின்றுவிட்டது. நீளம் அளந்தான், அகலம் அளந்தான், தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து வைத்துக் கண் பூத்துப்போனான். கதவு என்று ஒன்று இருப்பதும் அதை எவரேனும் திறப்பார்கள் என்பதும் மட்டும் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

"அத்தை! அத்தை!" என்று கதவைக் குத்தினான். உள்ளிருந்து மூச்சுப் பேச்சில்லை. காலால் எட்டி உதைத்தான். வெளியே திறக்கிற கதவை உள்ளே உதைத்து என்ன புண்ணியம்? தேக்குச் சட்டம் அசையவில்லை.

"என்னங்க ஆச்சு? ஏன் கத்துறீங்க?" என்று போனில் மனைவி அலறினாள்.

"உள்ள மாட்டிக்கிட்டாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு." போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, உளியையும் இரும்புச் சுத்தியலையும் எடுத்துவந்தான்.

கடைக்காரரிடம் சீக்கிரம் காய்கிற பசையாகப் பார்த்துக் கேட்டு வாங்கியவனும் அவன்தான். வாசலில் பதித்த டைல்ஸ்தான் முதலில் பதித்தது, நன்றாக இறுகியிருந்தது. ஓங்கி அடித்தால் நாலு சில்லு பெயர்ந்தது. ஒன்று நெற்றியில் தெறித்து ரத்தம் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை. "உயிரோட இருங்க அத்தை, உயிரோட இருந்தா போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தான்.

வாய்விட்டு அவளிடம் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று, "கொத்தனாரைக் கூப்பிட்டா ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போயிடுவான்" என்றாள் மாமியார். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாக இவன் சொன்னான். "போனைப் பார்த்து டைல்ஸ் போடுறவரு, அதையே பார்த்து எனக்குக் கண் ஆபரேஷனும் பண்ணிடுவாரு போல" என்றாள் அவள். மனைவி சிரித்துத் தொலைத்தாள். இவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "இது என் வீடு. என் வீட்டுத் தரையில நான் என்ன வேணா பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டான். மாமியார் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் மகள்தான் இவனிடம் சொன்னாள்.

உளி வழுக்கிக் கைவிரலில் பட்டபோதுதான் சுவரிலிருந்த சுவிட்ச் கண்ணில் பட்டது. அவன் கை அப்படியே நின்றது. கடையிலிருந்து திரும்பியபோது பாத்ரூம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிகிறதே, கரண்டுக்குக் கணக்கே கிடையாதா என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தது அவன்தான். அதன் பிறகு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிங் மெஷினைப் போட்டு ஓரத் துண்டுகளை வெட்டியதும் அவன்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

டைல்ஸ் பதித்ததும் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். அடியில் பசை பரவாமல் காலியாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சை எடுத்துவிட்டு, வாசலை அடுத்த டைல்ஸை இரண்டு தட்டுத் தட்டினான். டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. அடியில் காலி என்று நினைத்துப் பெயர்த்தெடுத்து, பசையை அள்ளிப் பூசி மறுபடி பதித்துத் தட்டினான். மறுபடியும் டொக் டொக். பக்கத்து டைல்ஸாக இருக்குமோ என்று அதையும் தட்டினான். நிறுத்தி, காதைத் தரையோடு வைத்துக் கேட்டான். தட்டினான், கேட்டான், தட்டினான். கடைசியில் சத்தம் நின்றுபோனது. வேலை கைவந்துவிட்டது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

"அய்யோ" என்றான் மாப்பிள்ளை. சுத்தியலை ஓங்கி அடித்தான். அடித்துப் பெயர்த்து, சில்லுகளை வெறுங்கையால் வாரி எறிந்தான். கதவு ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு திறந்தது.

உள்ளே கும்மிருட்டு. மாமியார் கதவோரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை தோளில் சரிந்திருந்தது. மடியில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற குவளை. கதவைத் தட்டித் தட்டி அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. அவன் மண்டியிட்டு அவள் கன்னத்தைத் தொட்டான். சில்லென்று இருந்தது. மூக்கருகே விரல் வைத்தான். மூச்சு வந்தது. அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இருக்காங்க! மூச்சு இருக்கு!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். அந்தப் பக்கம் மனைவி ஓவென்று அழுதாள்.

அத்தை என்று உலுக்கவும் மாமியார் கண்ணைத் திறந்தாள். நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை" என்றாள். "தலை சுத்தி உட்கார்ந்துட்டேன். அப்புறம் தாழ்ப்பாளை எடுத்துப் பார்த்தா கதவு திறக்கல. வாய்விட்டுக் கூப்பிட வீம்பு விடல. அதான் தட்டினேன்."

"பேசாதீங்க அத்தை. ஆம்புலன்ஸ் வருது."

"முதல்ல பயந்துட்டேன். லைட்டு வேற போயிடுச்சா, இருட்டுல செத்துடுவேன்னு நினைச்சேன். அப்புறம் நீங்க பதிலுக்குத் தட்டினீங்க. நான் தட்டத் தட்ட நீங்களும் தட்டினீங்க." லேசாகச் சிரித்தாள். "சரி, மாப்பிள்ளைக்குக் கேட்டுடுச்சு, கதவு சிக்கியிருக்கு, எப்படியும் திறந்துடுவாருன்னு நிம்மதியா உட்கார்ந்துட்டேன். அந்த நிம்மதிதான் என் உசுரைப் புடிச்சு வச்சிருந்துச்சு."

"நல்லவேளை நீங்க வீட்டுல இருந்தீங்க" என்றாள் மனைவி போனில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஆனால் மாமியாரின் கை அவன் கைக்குள் இருந்தது. அவனால் முடியவில்லை.

"இல்ல அத்தை. நான் உங்களுக்குப் பதில் சொல்லல. டைல்ஸைத்தான் தட்டிப் பார்த்தேன். சத்தம் அதுலருந்து வருதுன்னு நினைச்சேன். நீங்க உள்ள இருக்கறதே எனக்குத் தெரியாது."

மாமியார் அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ இவ்வளவு நேரமும் நான் தனியாத்தான் இருந்தேனா?" என்றாள்.

அதன் பிறகுதான் அவள் உடம்பு நடுங்கத் தொடங்கியது.