மச்சினன் வாங்கிய ஸ்டீயரிங்

மச்சினன் புது ஸ்டீயரிங் வாங்கிவிட்டான் என்று மனைவி சொன்னதும் எனக்கு வயிறு எரிந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது. நிஜக் காருக்கு இல்லை, கம்ப்யூட்டரில் ரேஸ் ஓட்ட மேசையில் பூட்டிக்கொள்வது. அவன் பல் டாக்டர். நல்ல வீடு, நல்ல பெயர், தலை நிறைய முடி வேறு. நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனை நான் முந்தியிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். நாங்கள் இருவரும் ஓட்டும் மலைப்பாதை டிராக்கில் ஒரு சுற்றுக்கு என் நேரம் ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. இரண்டு வருடமாக அதை அவனால் தொட முடியவில்லை. அதுவும் இஸ்திரி மேசையில் இறுக்கி வைத்த என் ஓட்டை ஸ்டீயரிங்கிடம் தோற்றுக்கொண்டிருந்தான்.

"நீங்க ஓட்டிப் பாத்துச் சொன்னாத்தான் மாமா எனக்குத் திருப்தி" என்று கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன்.

முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. துளிச் சத்தம் இல்லை. பாதையோரக் கல்லில் டயர் ஏறியது உள்ளங்கையில் தெரிந்தது. பின்சக்கரம் வழுக்கப் போவதை மணிக்கட்டு முன்கூட்டியே சொன்னது. என் பழசில் ஓட்டுவது கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது என்று அன்றுதான் புரிந்தது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இது ஒரு வாரம் அவன் கையில் இருந்தால் என் நாற்பத்திரண்டு அம்போதான்.

பக்கத்தில் நின்று எப்படி என்று கேட்டான்.

"சுமார்தான்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே. கனம் இருக்கிறது, விஷயம் இல்லை, என் பழசின் கால் தூசி பெறாது இது என்று அளந்துவிட்டேன். உங்களுடையதில் அப்படி என்ன இருக்கிறது என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்டான். அந்த ஆர்வம் என் தலைக்கு ஏறிவிட்டது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொன்னேன். பழசின் உள்ளே பற்சக்கரங்கள் இருக்கின்றன. டயர் பிடியை விடுவதற்குச் சற்று முன்னால் அவை கடகடக்கும். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன்.

"உன்னோடது ஊமை. அது உனக்கு என்னத்தச் சொல்லப் போகுது?" என்று முடித்தேன். அவன் தலையாட்டிக்கொண்டான்.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் நேரப் பட்டியலைத் திறந்தால் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. மேலே அவன், ஒரு நிமிடம் நாற்பத்தொன்று. உடம்பெல்லாம் பற்றி எரிந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்தது. அது அந்த ஸ்டீயரிங் ஓட்டியது, உன் தம்பி இல்லை என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். அவள் போனை என் கையில் கொடுத்தாள். அவன்தான் அழைத்திருந்தான்.

"மாமா, புதுசை அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, உங்களோடது மாதிரியே பழசு ஒண்ணு தேடிப் புடிச்சேன். இஸ்திரி மேசையிலதான் பூட்டியிருக்கேன். நீங்க சொன்ன சத்தம் நல்லாவே கேக்குது. நாள் முழுக்க டிரில் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தானே மாமா என் பொழப்பு ஓடுது."

நல்லது என்றேன். உள்ளங்கையில் அந்தப் புதுசின் பிடி இன்னும் அப்படியே இருந்தது. அந்தக் கடையில் அது இன்னும் இருக்குமா என்று பட்டும் படாமலும் விசாரித்தேன்.

"அது எதுக்கு மாமா உங்களுக்கு?" என்றான். "அதுதான் சுமாராச்சே."