வாயாடியின் குடிசை

அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கக் கூடாது என்று கரடியாய்க் கத்தினேன். கேட்டால்தானே. என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த மெஷினாவது சும்மா கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து வாரம் கட்டிலோடு கிடக்க வேண்டும். அவள் அறையில் இருந்த பழைய டிவியில் நெட் வராது. அந்தக் கேம் பெட்டியை அதில் மாட்டினால் படம், சீரியல் எல்லாம் பார்க்கலாம், பழைய கேம்களும் ஆடலாம், பரணில் கிடந்து யாருக்கு என்ன லாபம் என்றார். அம்மாவுக்கு மாப்பிள்ளை சொன்னால் வேதவாக்கு.

"அது என்னடி பண்ணுச்சு? வெறும் பெட்டிதானே" என்றாள்.

அது என்ன பண்ணியது என்று எனக்குத் தெரியும். நான் என்ன பண்ணினேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டில் அப்பா, அம்மா, என் தம்பி சின்னவன் மூவரும் இருந்தார்கள். நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைக் கூப்பிடுகிற ஆள். கண்ணாடி எங்கே, பேப்பர் எங்கே, ஃபேனைக் குறை, ஒரு வாய் தண்ணீர் கொடு என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். சின்னவன் ஹாலில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தப் பெட்டியில் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குச் சுவர் வழியாக முனகல் கேட்டு, வந்து கதவைத் தட்டியபோது நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. அரை மணி முன்னால் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நான் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் சின்னவன் குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தான். அந்த ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது.

"அப்பா கூப்பிட்டது உன் காதுல விழல இல்ல? இனிமே யார் கூப்பிட்டாலும் விழ வேணாம். எங்கயாவது போய்த் தொலை" என்றேன்.

அப்பா போன பன்னிரண்டாம் நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியவன்தான். போன் அணைந்தது. நண்பர்களைக் கேட்டோம், போலீசில் எழுதிக் கொடுத்தோம். இருபத்து நாலு வயசுப் பையன், தானாக வருவான் என்றார்கள். அம்மா தனியாகிவிட்டாள் என்று நாங்கள் இங்கேயே குடிவந்தோம். குற்ற உணர்ச்சியில் போய்விட்டான் என்று அவள் அழும்போதெல்லாம் நானும் கூட உட்கார்ந்து அழுவேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் நான் சொன்னதை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. நாக்கு வரை வரும், விழுங்கிவிடுவேன். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புப் படிப்பது என் வேலை. நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் வேலை ஆரம்பித்தது. தூசி தட்டினார். டிவியின் முதுகைத் தடவி ஒயருக்கான ஓட்டையைக் கண்டுபிடித்தார். கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர் செத்துக் கிடந்ததால் அதைச் சார்ஜில் போட்டார். வைஃபை பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அழுத்தினார். அப்புறம் அப்டேட். மூன்று வருஷ அப்டேட்டும் ஒன்றாக இறங்க ஒன்றரை மணி நேரமாயிற்று. அம்மா அதுவரை நீலக் கோடு நகர்வதையே சீரியல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு பச்சைத் தவளை வந்தது. கீழே சின்னவன் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. பாஸ்வேர்டெல்லாம் கேட்கவில்லை. பெட்டி அவனை மறக்கவே இல்லை.

"அவன் படமா?" என்றாள் அம்மா.

தவளை என்றேன். அவனை மாதிரியேதான் இருக்கிறது என்றாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடியோ ஆப்பைப் போட்டு, அவர் கணக்கில் நுழைந்து, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து விட்டுப்போன சீரியலைத் தேடிக் கொடுத்தார். இரண்டு பகுதியை ஒரே மூச்சில் பார்த்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் காலைப் பற்றிப் பேசவில்லை. சரி, தொலையட்டும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் இறங்கி வந்தேன்.

அதோடு விட்டாரா மனுஷன்? பழைய கேம் ஏதாவது ஓடுகிறதா பார்ப்போம் என்று அந்த வரிசையைத் திறந்தார். முதலில் இருந்தது எங்கள் தீவு. சின்னவனுக்குப் பத்து வயசு, எனக்குப் பதினாறு இருக்கும்போது வந்த விளையாட்டு அது. மீன் பிடிக்கலாம், செடி நடலாம், ஆளுக்கொரு குடிசை கட்டலாம், வாசலில் பலகை வைத்து ஏதாவது எழுதலாம். எனக்கு வாயாடி என்று பெயர் வைத்து விளையாட வைத்தவன் அவன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அதைத் தொடவில்லை.

அவர் அதை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த விளையாட்டின் பதிவு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், மற்றது அழிந்துவிடும், எது வேண்டும்? இந்தப் பெட்டியில் இருப்பது என்று ஒரு தேதி. அது அப்பா விழுந்த நாள், மாலை நாலு இருபது. நெட்டில் இருப்பது என்று இன்னொரு தேதி.

அது நேற்று. மாலை ஆறு நாற்பது.

"கையை எடுங்க. எதையும் தொடாதீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அப்புறம் தேதியை மறுபடி படித்தார், முகத்தில் ஈயாடவில்லை. எங்கேயோ வேறொரு பெட்டியில் யாரோ இதே கணக்கில் ஆடுகிறார்கள் என்றார். அவருக்கு ரகசியம் நிற்காது, மெதுவாகப் பேசவும் தெரியாது. அம்மா காதில் விழுந்துவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தாள், காலை மறந்து. இரண்டு பேருமாகப் பிடித்துப் படுக்க வைத்தோம்.

"உயிரோட இருக்கானா?" என்று அவள் கேட்டது எனக்கு இன்னும் கேட்கிறது.

நேற்று என்பதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு இருபதில் அப்பா இன்னும் விழவில்லை. அதை என் கையால் அழிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நேற்றை அழுத்தினேன்.

தீவு திறந்தது. அவன் குடிசை அப்படியேதான் இருந்தது, குச்சிகள் நீட்டிக்கொண்டு. என் குடிசைக்கு ஓடு போட்டிருந்தான். சுற்றிலும் தக்காளியும் மஞ்சள் பூவும். உள்ளே கட்டில், விளக்கு. அந்த விளையாட்டில் நாலு நாள் தண்ணீர் விடாவிட்டால் செடி வாடிவிடும். ஒரு இலைகூட வாடவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பெற்றவளுக்கு ஒரு போன் பண்ணத் துப்பில்லை, இல்லாத தக்காளிக்கு மூன்று வருஷமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறானாம்.

என் வீட்டுக்காரர்தான் பலகையில் எழுதச் சொன்னார். இந்தப் பெட்டி உயிர் பெற்றுவிட்டது என்று இந்நேரம் அவன் போனுக்குத் தகவல் போயிருக்கும், பயந்து போய்க் கதவைச் சாத்துவதற்குள் எழுதிவிடு என்றார். அம்மா சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் தமிழை அழுத்தினேன். முழங்கால் ஆபரேஷன், வீட்டு நம்பர் அதேதான், யாருக்கும் கோபமில்லை, வா. அப்புறம் அவளைத் தாங்கலாக இவர் பாத்ரூமுக்கு அழைத்துப் போன சமயம் பார்த்து, நான் ஒரு வரி சேர்த்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடு. சேமித்தேன். போய்ச் சேர்ந்தது என்று பெட்டி சொன்னது.

மறுநாள் வேலையில் இரண்டு பஸ்ஸை நடைமேடை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினேன். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தால், அம்மா தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வராமல் யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்று காலையிலிருந்து சீரியல்கூடப் பார்க்காமல் கிடந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்தேன். தவளை வந்தது. அதன் மேல் ஒரு பூட்டு. பாஸ்வேர்ட் மாற்றப்பட்டுவிட்டது, புதியதைப் போடு என்று கேட்டது.

"என்னாச்சு?" என்றாள்.

"சாத்திட்டாம்மா" என்றேன்.

ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாருக்கும் கோபமில்லை என்று எழுதினோமே, அவன் ஏன் சாத்த வேண்டும்? இதற்கு மேல் விழுங்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் டிவி பின்னாலிருந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"மூணு வருஷமா என்கூட உக்காந்து அழுதியேடி" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தேவலை. நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே மெல்ல, பாஸ்வேர்ட் மாத்தணும்னா உயிரோட இருக்கணும்ல என்றாள். எங்களுக்கா, தனக்குத்தானா தெரியவில்லை.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். நேற்று பெட்டியை முழுக்க அணைக்கவில்லையாம், தூங்க மட்டும் வைத்தாராம். கதவு மூடியிருந்தாலும் ஃப்ரிட்ஜ் உள்ளே ஓடுகிற மாதிரி அது தன்பாட்டுக்கு நெட்டோடு கொடுக்கல் வாங்கல் பண்ணிக்கொண்டிருக்கும். பூட்டுவதற்கு முன்னால் அவன் ஏதாவது எழுதியிருந்தால் ஒரு நகல் இங்கே வந்திருக்கும். நெட் இல்லாவிட்டால் பெட்டி புதுப் பாஸ்வேர்டைக் கேட்காது, அதைத் துண்டித்துவிட்டு விளையாட்டைத் திற என்றார்.

திறந்தேன். என் குடிசை வாசலில் என் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை இருந்தது. காலை ஏழு பத்துக்கு வைத்திருக்கிறான். கிட்டே போனேன், எழுத்து விரிந்தது. படித்தேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

"சத்தமாப் படி" என்றாள் அம்மா.

எழுதிக் கொடுப்பதைப் படிப்பதுதான் என் பிழைப்பு. மைக்கில் படிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தேன்.

"நீ சொன்னது தப்பில்லக்கா. ஆனா அப்பா கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு. ரெண்டு நிமிஷம்ப்பான்னு சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவன் காது கேட்காமல் இருந்தான் என்றுதானே மூன்று வருஷமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கிறது. நான் சொன்ன வார்த்தையால்தான் அவன் போனான் என்று என்னை நானே அரித்துக்கொண்டிருந்தேன். அவன் அதைவிடப் பெரிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தனியாக, எங்கேயோ இருக்கிறான். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவள் அழவில்லை. குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம்னு அந்த மனுஷனுக்கு நானும் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்றாள். "அடுப்படில இருந்துக்கிட்டு சொல்லுவேன், அப்படியே மறந்துடுவேன். நீ சொன்னதில்லையா?"

சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அதைச் சொல்லாதவர் யார்? அப்பாவே இரண்டு நிமிஷம் கழித்து, கேட்டதை மறந்திருப்பார்.

"இத அவனுக்கு எழுது. நான் சொன்னேன்னு எழுது" என்றாள்.

மூன்றாவதாக ஒரு பலகை வைத்தேன். அவள் சொன்னதை அப்படியே ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, அழித்து எழுத வேண்டியிருந்தது. சேமிக்கும்போது பெட்டி கேட்டது, இது இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கும், பரவாயில்லையா? சரி என்று அழுத்தினேன்.

"போயிடுச்சா?"

இனி இவளிடம் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"இல்லம்மா. இங்கதான் இருக்கு. அவனாத் திறந்தாத்தான் போகும்."

அம்மா வலியோடு மெல்லச் சாய்ந்து படுத்தாள். போர்வையை இழுத்துவிட்டேன். டிவியை நிறுத்தவா என்று இவர் ரிமோட்டை எடுத்தார்.

"டிவிய நிறுத்துங்க மாப்பிள்ள. நெட்ட மறுபடி மாட்டிடுங்க" என்றாள். "அந்தப் பெட்டிய மட்டும் அணைக்காதீங்க."