நாக்கைக் காட்டு

தம்பியின் மாத்திரை அட்டையைப் பிதுக்கும்போது அக்காவின் கை தவறி, ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு ஓடிவிட்டது. கட்டிலில் அம்மா, காலையில் ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கி வீடு வந்தவள். அக்கா குனிந்து தேடவில்லை, இன்னொன்றைப் பிதுக்கினாள். தையல் கடையில் நாள் முழுக்க ஊசியில் நூல் கோக்கிற விரல்கள், இன்றைக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டாத்தான் என்ன? துக்க வீடு," என்றார் பெரியப்பா.

சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம்.

"அவன் நேத்தும் போடல பெரியப்பா," என்றாள் அக்கா. " அம்மாவைத் தூக்கிக்கிட்டு ஓடுனதுல மறந்துட்டோம். ரெண்டு நாள் தாண்டிட்டா பழைய அளவு கொடுக்கக் கூடாதாம். முதல்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கணுமாம். அதுக்குள்ள அவன்..."

மீதி பெரியப்பாவுக்கே தெரியும். இந்த க்ளோசபின் மாத்திரை வருவதற்கு முன்னால் ஒரு நாள், காதில் கேட்கிற குரல் சொன்னதென்று தம்பி சமையலறையை உள்ளே தாழிட்டான். உள்ளே அக்காவும் இருந்தாள், கத்தியும் இருந்தது. அம்மாதான் வெளியே உட்கார்ந்து பேசிப் பேசிக் கதவைத் திறக்க வைத்தாள். அன்றிலிருந்து தம்பி பக்கத்தில் வந்தாலே அக்கா வேறு அறைக்குப் போய்விடுவாள். மாத்திரை கொடுப்பதை, பூனைக்கு மணி கட்டுகிற அந்த வேலையை, அம்மாவிடமே விட்டுவிட்டாள்.

தம்பி ஜன்னலோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். யாரோடு பேசுகிறான்? அக்கா மாத்திரையை நீட்டினாள்.

"டேய்... மாத்திரை."

அவன் கை நீட்டவில்லை. "அம்மா முதல்ல போடுவாங்க. அப்புறம்தான் நான்."

உண்மைதான். அம்மா தன் பிரஷர் மாத்திரையை விழுங்கி அவனிடம் நாக்கைக் காட்டுவாள். பிறகு அவன், மாத்திரையை நாக்குக்கடியில் ஒளிக்கவில்லை என்று காட்ட வேண்டும். "நீயும் திருடன், நானும் திருடி, யாரை யார் நம்புறது," என்று சிரிப்பாள்.

அக்கா கைப்பையைத் துழாவி, தான் விழுங்க ஒன்றை எடுத்தாள்.

"அது மிட்டாய்," என்றான் தம்பி.

"ஆமாடா. எங்கிட்ட வேற இல்ல." ஏமாற்றக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "பயமா இருக்குடா. உன்னைப் பார்த்துத்தான்."

பெரியப்பா பாதி எழுந்துவிட்டார். தம்பி ஜன்னலை விட்டு அவள் பக்கம் வந்தான்.

"எனக்கும் என்னைப் பார்த்தா பயம்தான்," என்றான்.

மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான். பிறகு நேரே கட்டிலுக்குப் போய், அம்மாவின் முகத்துக்கு மேலே குனிந்து வாயைத் திறந்தான். நாக்கை நீட்டினான். தூக்கி, அடியையும் காட்டினான். மூடாமல் அப்படியே நின்றான்.

அக்கா பக்கத்தில் போய் அவன் வாய்க்குள் பார்த்தாள்.

"சரி," என்றாள். "மூடிக்க."