வெடிக்காத மண்பாளம்

என் கணவர் ஈஸ்வரமூர்த்திக்கு என்னைவிட ஒரு பெட்டி மண்மேல்தான் பாசம் அதிகம். மெல்பர்ன் பல்கலைக்கழகக் குளிரறையில் ஈர மண்ணை இரும்புப் பெட்டியில் உறையவைத்து, அது வெடிக்குமா வெடிக்குமா என்று காவல் இருப்பதுதான் 1977இல் அவருடைய ஆராய்ச்சி.

"உறைஞ்ச மண்ணு இன்னும் குளிர்ந்தா சுருங்கும், நாகு. பெட்டி ஓரத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, சுருங்க விடாது. அப்பக் கிழியும்" என்று சோற்றைப் பிசைந்தபடி விளக்குவார். சின்னதாகப் போன ரவிக்கை தையல் விடுகிற கதைதான். ஆனால் மூன்று மாதமாக அந்தப் பாளத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

எனக்கு அதில் நிம்மதி. மண் வெடித்துக் காட்டினால் டிசம்பரில் அண்டார்டிகா கப்பலில் அவருக்கு இடம். ஒரு வருஷம் நான் தனியே கிடக்க வேண்டும். நாசமாய்ப் போகிற மண் வெடிக்கவே கூடாது என்று சாமியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பேராசிரியர் கடைசியாக ஒருமுறை பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, டிபன் கேரியரோடு நானும் போனேன். பத்தரை மணிக்கு, இவர் குளிரைக் கூட்டும் திருகில் கை வைத்தார். மண் வெடிக்கக் கூடாதுதான்; அதற்காக, கெட்ட நேரத்தில் இவர் ஒரு காரியம் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"ஏனுங்க, ராகு காலமுங்க! பன்னெண்டு வரைக்கும் அதைத் தொடாதீங்க."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் குளிரைக் கூட்டணும் நாகு. ஒரு மணிக்கு அவர் வந்துருவார், நேரம் பத்தாது."

"பத்தாட்டிப் போகுது."

முறைத்தார். ஆனாலும் கையை எடுத்துவிட்டார். என் பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன். பன்னிரண்டு அடித்ததும், வேறு வழியில்லாமல் திருகை ஒரேயடியாகக் கடைசிவரை திருப்பினார்.

பேராசிரியர் வந்து பாளத்தைக் குனிந்து பார்த்தார். டப்பென்று ஒரு சத்தம். குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது.

"இத்தனை நாளா மெதுவாக் குளிர வச்சதுதான் தப்பு நாகு! மண்ணு இழுபட்டுச் சமாளிக்க நேரம் கிடைச்சிருச்சு. இன்னைக்கு நேரமே கொடுக்கலை!" என்று குழந்தையாட்டம் குதித்தார். அந்த முகத்தைப் பார்த்து நானும் கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் புரிந்தது. அடிப்பாவி, நீயே அவரைக் கப்பலேற்றிவிட்டாயே!

வீட்டுக்குப் போகும் டிராமில் அவர் என் பக்கம் திரும்பினார். "நீ வேண்டாம்னா நான் போகலை, நாகு."

"அட, சும்மா இருங்க. அங்க தரையே இப்படித்தானே வெடிச்சுக் கிடக்கும்? போய்க் கண்ணாரப் பாத்துட்டு வாங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எதிர் சீட்டு வெள்ளைக்காரி பார்த்தால் பார்க்கட்டும் என்று, இறங்கும்வரை அவர் கையை நான் விடவில்லை.