கால்தான் முதலில் வரும்

இரண்டு குளம்புகள், மஞ்சளாக, ஈரமாக, இன்னும் மண்ணை மிதிக்காதவை, மாமாவின் செவலைப் பசுவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன, தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, நான் டார்ச் பிடித்திருக்கிறேன், அய்யோ காலு மொதல்ல வருதே என்கிறாள் அம்மா, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவள், காங்கயத்தில் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பையனைக் காட்டி இவன நாந்தான் எடுத்தேன் என்பாள், மனிதக் குழந்தைக்குத் தலை முதலில் வர வேண்டும், கால் வந்தால் ஆபத்து, அது அவள் கைகளுக்குத் தெரியும், அவளைக் கேட்காமலே கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன, குளம்புகளை உள்ளே தள்ளுகின்றன, தலையைத் திருப்பிக் கொண்டுவரப் பார்க்கின்றன, இப்ப முக்காத சாமி, மூச்ச மட்டும் இழுத்து உடு என்று வார்டில் சொல்வதைப் பசுவிடமும் சொல்கிறாள், நான் சிரித்துவிட்டேன், ஓடைத் தண்ணீரைத் தாண்டிக் கால்நடை டாக்டர் வந்து சேர்ந்தபோது கன்று உள்ளேயே செத்திருந்தது, மாட்டுக்கு முன்னங்காலுதானுங்க மொதல்ல வரும் நர்ஸம்மா, தல அதுமேல படுத்திருக்கும், உட்டிருந்தா அதுவே வந்திருக்கும் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், மெதுவாகச் சொன்னதால் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு என் உயிரியல் புத்தகம் எப்போது தேடினாலும் சமையலறையில்தான் இருந்தது, அதன் பக்கங்களில் கடுகு வெடித்த எண்ணெய்ப் புள்ளிகள், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், அம்மா என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள், என் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு கால்நடை மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள், கெடா விருந்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஏம்மிணி, கன்னுக்குட்டியக் கொன்னுபோட்டு மாட்டு டாக்டருக்குப் படிக்கறயே, மாட்டையே கொன்னிருந்தா கலெக்டர் ஆயிருப்பயாட்டிருக்குது என்கிறார், பந்தியே சிரிக்கிறது, அம்மா மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டே, ஆமாங்ண்ணா, நாந்தான் கொன்னேன், அதுக்குத்தான் படிக்கறேன், கொல்லாதவீகல்லாம் சும்மா உக்காந்து திங்கலாம் என்கிறாள், சிரிப்பு நின்றுவிட்டது, மாமா ரசம் கேட்டார்.

அம்மா தேறிவிட்டாள், கால்நடை மருத்துவக் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், பஸ்ஸில் நான் அவள் காதில் கெஞ்சுகிறேன், கன்னு சேதிய அங்க சொல்லிராதம்மா, வெளிய அனுப்பிருவாங்க, ஏன் படிக்கறீங்கன்னு கேட்டா சின்ன வயசுலருந்தே ஆசைன்னு சொல்லு, சின்ன வயசுல எனக்கு மாட்டக் கண்டாலே பயம் கண்ணு என்று அம்மா சிரிக்கிறாள், அவள் பயப்படாததெல்லாம் சேர்ந்து எனக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சரிபார்க்கும் அறை வாசலில் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும் பச்சைத் திரை, உள்ளே கண்ணாடி போட்ட அதிகாரி என்னைப் பார்த்து, வா பாப்பா, உக்காரு, அம்மா நீங்க வெளிய இருங்க என்றார், நாந்தானுங்க படிக்க வந்திருக்கறது, இவ துணைக்கு வந்தவ என்றாள் அம்மா, நான் வெளியே போனேன், பெற்றோர்கள் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு பையனின் அப்பா, உனக்கு என்ன ரேங்க் பாப்பா, உன்கூட யாரும் வரலயா என்றார், சீட்டு எனக்கில்லீங்க, எங்கம்மாவுக்கு, அவங்க உள்ள இருக்காங்க, அப்ப நீதான் பேரண்ட்டா என்று அவர் சிரித்தார், ஆமாங்க, நாந்தான் என்றேன்.

திரைக்குப் பின்னால், ஏம்மா, அரசாங்க வேலைய விட்டுட்டு இந்த வயசுல எதுக்கு என்கிறார் அதிகாரி, சொல்லாதம்மா, சொல்லாத என்கிறேன் மனசுக்குள், தகரத்தில் மழை கொட்டுகிறது, இல்லை, அது மின்விசிறி, ஒரு கன்னு எங்கையில செத்துப்போச்சுங்க, ரெண்டு காலு மொதல்ல வந்துது, தப்புன்னு நெனச்சு உள்ள தள்ளிட்டேன், எனக்குத் தெரியாததால செத்துப்போச்சு, தெரிஞ்சுக்கோணும் என்கிறாள், சொல்லிவிட்டாள், இப்ப அதே மாதிரி ரெண்டு காலு வந்தா என்னம்மா பண்ணுவீங்க என்கிறார் அதிகாரி, கைய உட்டு அதுமேல தல இருக்குதான்னு பாப்பேனுங்க, இருந்தா தள்ளமாட்டேன், பொறுத்திருப்பேன், அடுத்து முத்திரை குத்தும் சத்தம், ஹாஸ்டல் வேணுமாம்மா, வேணுமுங்க, யோசிக்கக்கூட இல்லை அவள், இனிமேல் தோசை நான்தான் ஊற்ற வேண்டும், இருட்டில் கூப்பிட்டால் அடுத்த கட்டிலிலிருந்து என்ன கண்ணு என்று குரல் வராது, போகாதம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அப்போது திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிகின்றன, வெடித்த குதிகால், ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே நீலச் செருப்பு, வாசலை நோக்கி வருகின்றன, முகம் இன்னும் வரவில்லை, என் வாயில் வந்ததை விழுங்கிக்கொள்கிறேன், நான் தள்ளமாட்டேன், மாமாவையும் தள்ளவிடமாட்டேன், எழுந்துபோய்த் திரையை ஒதுக்கிப் பிடிக்கிறேன், கால்தான் முதலில் வரும், தலை இதோ, மேலே இருக்கிறது.